எல்லாரும் சேர்ந்தே இறங்குவோம் என்பதுதான் முதல் தவறு

கரீபியன் தீவுகளைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்தோடு போகிறவர்கள் கப்பலுக்குள் பெரிதாகச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு மூலை இருக்கிறது, சாப்பாடு எந்நேரமும் கிடைக்கிறது. முகம் தூக்கி வைத்துக்கொள்வதெல்லாம் கரையில் இறங்கிய பிறகுதான். காலையில் கப்பல் துறைமுகத்துக்கு வரும், மாலையில் கிளம்பிவிடும். அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள் எழுபது வயது மாமனாரும் ஏழு வயதுப் பையனும் ஒரே இடத்தில் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டால் இருவரில் ஒருவர் நிச்சயம் கஷ்டப்படுவார். பெரும்பாலும் அது வாய் திறந்து சொல்லாதவர்.

ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவி இருக்கிறது. சுமார் 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கும் அருவி. முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்து, ஓடும் தண்ணீரில் கல் கல்லாக மேலே ஏற வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாவைக் கேட்டால், “உங்க இஷ்டம்ப்பா, எனக்கு எங்க போனாலும் சரி” என்பார். அந்த வார்த்தையை நம்பாதீர்கள், அவர் முழங்காலைக் கேளுங்கள். அருவியின் ஓரமாகவே படிக்கட்டு இருக்கிறது. நனையாமல் அதில் நடந்து, ஏறுகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். இது தெரியாமல் பெரியவர்களைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகிறவர்களும் உண்டு, வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

மெக்சிகோவின் கோசுமெலில் இறங்கி, சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போவதும் இப்படித்தான். பெயரைக் கேட்டதும் எல்லாரும் கை தூக்குவார்கள். கோசுமெல் ஒரு தீவு. எதிர்க்கரையில் இருக்கும் பிளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணி நேரம் படகு, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ், திரும்பி வர மறுபடி அதே தூரம். இத்தனைக்கும் நடுவில் நிழலில்லாத மைதானத்தில் கொஞ்ச நேரம். பிரமிடில் ஏறவும் இப்போது விடுவதில்லை. மாயன் இடிபாடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் துலும் அதைவிடப் பக்கம். அதற்கும் படகும் பஸ்ஸும் உண்டு, ஆனால் உயிர் போகாது.

பெரியவர்கள் கப்பலிலேயே இருந்துவிடுவதும் ஒரு நல்ல வழிதான். ‘விட்டுவிட்டுப் போனால் என்ன நினைப்பார்களோ’ என்று நமக்குத்தான் உறுத்தல். எல்லாரும் இறங்கிய பிறகு கப்பல் காலியாகக் கிடக்கும். நீச்சல் குளத்தோரம் நாற்காலிக்குப் போட்டி இருக்காது. என் அத்தைக்கு முழுப் பயணத்திலும் பிடித்த நாள் அதுதானாம்.

சரி, நேரத்துக்கு வருவோம். கப்பல் நேரமும் கரை நேரமும் எப்போதும் ஒன்றல்ல. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-லிருந்து கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதில்லை. அமெரிக்காவின் மயாமி வைக்கிறது. ஆகவே ஜூலையில் மயாமியில் மணி 4 என்றால் கோசுமெலில் 3. மயாமியில் கிளம்பும் கப்பல் பெரும்பாலும் மயாமி நேரத்திலேயே ஓடும். கரையில் சிக்னல் கிடைத்ததும் போன் மட்டும் தானாக ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். எங்களுக்கு நடந்ததும் இதேதான். 4.30-க்குள் கப்பலில் இருக்க வேண்டும்; போனில் 3.05. அண்ணி ஊஞ்சல் வலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் கையில் பழைய ஹெச்எம்டி வாட்ச் கட்டியிருந்தார். “என்னடா, நாலு தாண்டிருச்சே” என்றார். அப்புறம் யாரும் பேரம் பேசவில்லை, ஓட்டம்தான்.

குளிர்காலத்தில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து போகிறவர்களுக்கு இது தலைகீழ். கப்பல் டெக்சாஸ் நேரத்தில் இருந்தால் போன் ஒரு மணி நேரம் முன்னால் காட்டும். அதில் நஷ்டமில்லை. எதுவானாலும், இறங்கும் வாசலில் நிற்கும் ஊழியரிடம் கப்பல் மணி என்ன என்று கேட்டு, கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆல் அபோர்டு’ நேரம் என்பது எல்லாரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய நேரம், கப்பல் கிளம்பும் நேரத்துக்குப் பொதுவாக அரை மணி முன்னால் வருவது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கப்பல் நிறுவனம் மூலம் போன சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களே வண்டி பிடித்துப் போயிருந்தால் இரண்டும் கிடையாது. டிக்கெட் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்த பெற்றோர் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், அடுத்த தீவுக்கு விமானத்தில் போக அந்த நாட்டு விசா கேட்கலாம். அதற்காக எல்லாவற்றையும் கப்பலிலேயே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று பன்னிரண்டு பேருக்குக் கட்டுவதைவிட ஒரு வேன் பேசுவது பல இடங்களில் மலிவு. பாட்டிக்கு நடுவில் பாத்ரூம் போகவும் நிறுத்தலாம். பக்கத்துக் கடற்கரை என்றால் வேன், படகும் பஸ்ஸும் மாறிப் போகும் தூரம் என்றால் கப்பல் சுற்றுலா. என் கணக்கு இதுதான். வேன் பேசும்போது சொல்லும் தொகை ஆளுக்கா வண்டிக்கா, போக மட்டுமா திரும்பவும் சேர்த்தா என்று கேட்காமல் ஏறாதீர்கள்.

கிராண்ட் கேமனில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு, டெண்டர் எனும் சிறு படகில் இறக்குவார்கள். அலை ஆடும்போது படகுக்குள் கால் வைக்க வேண்டும் என்பதால் சக்கர நாற்காலிக்காரர்களை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு; வெளியில் பதிவு செய்திருந்தால் அப்போது பணம் திரும்புமா என்று பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் வேறு.

கப்பலில் ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள அட்டைகளை எல்லாம் வாங்கிச் சித்தப்பா பையில் பத்திரமாக வைப்பது நம் வழக்கம். பாதிப் பேர் சீக்கிரம் திரும்ப நினைத்தால், அட்டையில்லாமல் கப்பல் வாசலைத் தாண்ட முடியாது. ஆளுக்கொன்று, கழுத்தில். கோசுமெலில் கப்பல் நிற்கும் துறைகளே மூன்று: புன்டா லங்கோஸ்டா, இன்டர்நேஷனல், புவெர்ட்டா மாயா. முதலாவது ஊருக்குள், மற்ற இரண்டும் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி. இறங்கியதும் துறையின் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்து வைத்தால் டாக்சிக்காரரிடம் காட்டலாம்.

சாப்பாடு. வீட்டில் கட்டிய புளியோதரையைப் பொதுவாகக் கப்பலில் ஏற்றவே விடமாட்டார்கள். பஃபேயில் எடுத்த வாழைப்பழத்தைக் கரையில் இறக்கவும் விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் போகும். சர்க்கரை நோய்க்காரர்கள் அதை மறக்கக் கூடாது. மெக்சிகோவில் சைவர்கள் பீன்ஸ் மசியலைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டாம், பன்றிக்கொழுப்பில் தாளிப்பது அங்கே சகஜம். ‘மான்தேகா’ என்ற ஒரு வார்த்தை போதும், கேட்டுவிடலாம்.

கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம் கிடந்தால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். மான்சினீல் மரம் அது. பழம் விஷம், பால் பட்டால் தோல் வெந்துபோகும், மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலே கொப்புளம் வரும். பல இடங்களில் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு துணி விஷயம். ஜமைக்கா, பார்படாஸ், செயின்ட் லூசியா, டிரினிடாட் போன்ற நாடுகளில் ராணுவ உடை போலப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் துணியைப் பொதுமக்கள் உடுத்தச் சட்டப்படி தடை, குழந்தைக்கும்தான். பேரனுக்குத் தாத்தா ஆசையாக வாங்கிய அரைக்கால் சட்டை அப்படி இருந்தால், கப்பலுக்குள் போட்டுக்கொள்ளட்டும்.