காவல் பயிற்சி வகுப்பில் போதகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவலர் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்க வருபவர் பெரும்பாலும் பல வருடம் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். வேலை நன்றாகவே தெரியும். அதைக் கற்றுக்கொடுக்கத் தனியாகப் பழக வேண்டும்.

அதிகம் பார்க்கும் தவறு, சட்டப் பிரிவை வாசித்துக் காட்டிவிட்டுப் பாடம் முடிந்தது என்று நினைப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை போடுவது, பொருளைக் கைப்பற்றுவது, பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிய வேண்டும் என்கிறது. வாசிக்க இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பதில் ஓர் அறையில் ஒரு பையை ஒளித்து வைத்து நான்கு பேரை அனுப்பிப் பாருங்கள். ஒருவர் தேடட்டும், ஒருவர் செல்போனில் பதியட்டும், ஒருவர் மகஜர் (பொருளைக் கைப்பற்றிய விவரக் குறிப்பு) எழுதட்டும், ஒருவர் சாட்சியாக நிற்கட்டும். பையைத் திறந்த பிறகு பதிவைத் தொடங்கியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் கேமரா சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த வீடியோவை வகுப்பில் போட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் என்று அவர்களையே சொல்ல வையுங்கள். அப்புறம் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள் இன்னொரு சிக்கல். கொலை என்றதும் 302 என்றே வாயில் வரும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. அதிலும் 302 உண்டு, ஆனால் அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கானது. மோசடிக்குச் சொல்லும் 420 கிடையவே கிடையாது. மொத்தம் 358 பிரிவுகள்தான். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும் என்பதால், சம்பவத் தேதியை முதலில் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

கவாத்து மைதானத்துக் குரலை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள். தப்பாகப் பதில் சொன்னவரை எல்லார் முன்னாலும் திட்டினால், மறுநாள் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அதிகாரம் உள்ளவர் இல்லாதவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அந்தப் பிள்ளைகள் அங்கேதான் பழகுகிறார்கள். நாளை புகார் கொடுக்க வரும் பாட்டியிடமும் அதே குரல் வெளிவரும்.

சர்வீஸ் கதைகள் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் கவனமாக. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது விதிமுறைகளைக் காலையில் நடத்திவிட்டு, சாயங்காலம் டீ குடிக்கும்போது "ஸ்டேஷன்ல அதெல்லாம் நடக்காது தம்பி" என்று சொன்னால், சாயங்காலப் பாடம்தான் மனதில் நிற்கும். கைதுக் குறிப்பு எழுதுவதிலும் உறவினருக்குத் தகவல் சொல்வதிலும் நீங்கள் பட்ட சிரமங்கள் இருந்தால், விதியை மீறாமல் அவற்றை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை வகுப்பிலேயே பேசிவிடுங்கள்.