நடன வகுப்புக்குத் தலைவாரும்போது

மகளைப் பரதநாட்டியத்தில் சேர்த்த புதிதில் குதிரைவால் போட்டுத்தான் அனுப்பினேன். சத்துவாச்சாரியிலிருந்து வண்டியில் போய் இறங்குவதற்குள் பாதி முடி வெளியே வந்துவிடும். வேலூர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமா? வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டும். அவள் கை முத்திரையை விட்டுவிட்டு முடியை ஒதுக்கப் போய்விடும். அலாரிப்பு என்ற தொடக்க நடனத்தில் கழுத்தை அசைக்கும்போது கண்ணும் கழுத்தும் தெரிய வேண்டாமா?

இப்போது முடியை லேசாக ஈரப்படுத்தி, நடுவகிடு எடுத்து, பிடரிக்குக் கொஞ்சம் மேலே ரப்பர் பேண்டு போட்டுப் பின்னிவிடுகிறேன். நுனியை மடித்து ரிப்பனால் கட்டினால் சுழலும்போது முகத்தில் அடிக்காது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி என்றால் கொண்டைதான் சரி: நாலு யூ பின், மேலே ஒரு வலை. காதோர முடிக்குச் சின்னக் கறுப்பு பின்கள். எண்ணெயைக் குறையுங்கள், வியர்வையோடு கண்ணில் வழியும். அதற்காக ரொம்பவும் இறுக்க வேண்டாம். புருவம் மேலே இழுத்தால் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் தலைவலிதான்.

கிளம்பும் முன் பத்து முறை தலையை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், பையில் இரண்டு ரப்பர் பேண்டு கூடுதலாகக் கிடக்கட்டும். வகுப்பு நாளில்தான் அது அறுந்து தொலைக்கும்.