பூச்சிக்குள் வோல்பாக்கியா இருக்கிறதா? பிசிஆரில் பார்க்கும் முறை

வோல்பாக்கியா என்பது பூச்சியின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா; பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் முறை. பிடித்த பூச்சியை உடனே 95 சதவீத எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும்.

இனம் கண்டுபிடிக்க ஒரு கால் போதும்; வோல்பாக்கியாவுக்குப் போதாது. தாயிடமிருந்து முட்டை வழியே இறங்கும் பாக்டீரியா இது, சூலகத்தில்தான் மண்டிக் கிடக்கும். ஆகவே வயிற்றுப்பகுதியை எடுங்கள், பெண் பூச்சியானால் இன்னும் நல்லது. கொசு அளவு என்றால் முழு வயிறு, பெரிதென்றால் 2 மி.மீ. துண்டு. கூடுதலாகப் போட்டால் பிசிஆரை முடக்கும் நிறமிகளும் சேர்ந்து வரும்.

துண்டைக் காகிதத்தில் ஒற்றி எத்தனால் முழுக்க ஆவியாக விடுங்கள். 200 மைக்ரோலிட்டர் 5% கீலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்), 5 மைக்ரோலிட்டர் புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி, மில்லிலிட்டருக்கு 20 மி.கி.) சேர்த்து நசுக்கி, 56 டிகிரியில் 1 மணி நேரம், பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். நிமிடத்துக்கு 13,000 சுற்றில் 3 நிமிடம் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள். டிப்பில் ஒரு கீலெக்ஸ் மணி ஏறினாலும் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும்; அது இல்லாமல் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதி வேலை செய்யாது. கலங்கினால் மறுபடி சுழற்றுங்கள், அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு பூச்சிக்கும் இரண்டு குழாய்: ஒன்றில் வோல்பாக்கியாவின் 16எஸ் மரபணுவுக்கான டபிள்யூ-ஸ்பெக் பிரைமர்கள் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குட்டி டிஎன்ஏக்கள்), இன்னொன்றில் பூச்சியின் சொந்த சிஓ1 மரபணுவுக்கான ஃபோல்மர் பிரைமர்கள். குழாய்க்கு 2 மடங்கு மாஸ்டர் மிக்ஸ் (நொதி முதலியவை கலந்த தயார்க் கலவை) 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 1, டிஎன்ஏ 2, தண்ணீர் 8.5, மொத்தம் 25 மைக்ரோலிட்டர். 94 டிகிரியில் 2 நிமிடம். பிறகு 94-ல் 30 விநாடி, 49-ல் 45 விநாடி, 72-ல் 1 நிமிடம் என 30 சுற்று. கடைசியில் 72-ல் 10 நிமிடம்.

கூடவே வோல்பாக்கியா உள்ளதென்று தெரிந்த பூச்சி, இல்லாதது, வெறும் தண்ணீர், பூச்சி போடாமல் பிரித்தெடுத்த குழாய் ஆகிய நான்கும் ஓட வேண்டும். குழாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று கடைசி இரண்டை விடுகிறவர்கள்தான் கலப்படம் தெரியாமல் பிறகு எல்லாப் பூச்சியிலும் வோல்பாக்கியா கண்டுபிடிப்பார்கள்.

பிசிஆர் முடிந்ததை, டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 2% அகரோஸ் ஜெல்லில் 100 வோல்ட்டில் 40 நிமிடம் ஓட்டுங்கள். சிஓ1 பட்டை 710 பேஸ் இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அருகில், வோல்பாக்கியா பட்டை 438-ல். இரண்டும் தெரிந்தால் தொற்று உண்டு. 710 மட்டும் என்றால் இல்லை, அல்லது பிசிஆருக்கு எட்டாத அளவு குறைவு. இரண்டுமே இல்லையென்றால் அந்தப் பூச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள், பெரும்பாலும் தடுப்புப் பொருள்தான் காரணம். தண்ணீரில் பட்டை வந்தால் அந்த ஜெல்லையே தள்ளிவிட்டுப் புதிய தண்ணீர், புதிய பிரைமரோடு தொடங்குங்கள்.

வயலில் பிடித்த பூச்சியில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருந்தால் பட்டை அதனுடைய வோல்பாக்கியாவாக இருக்கலாம். வயிற்றை வெட்டும்போதே லென்ஸில் பாருங்கள். சந்தேகமிருந்தால் சிஓ1 துண்டை வரிசைப்படுத்தக் கொடுங்கள். வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடுகள் வந்தால் உள்ளே இரண்டு உயிர் இருந்திருக்கலாம்.