அமெரிக்காவில் வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க: நம்பகமான உதவியைத் தேடும் முறை

ஃபோர்க்ளோஷர், அதாவது கடன் தவணை கட்டாத வீட்டை ஏலம் விடும் நடவடிக்கை, தொடங்கிவிட்ட வீடுகளின் விவரம் பொதுப் பதிவில் ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் கடிதம் போடுவார்கள்: "உங்கள் வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம்." கடன் நிறுவனத்தின் உறையைப் பயத்தில் மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, இந்த உறையை நம்பிக்கையோடு பிரிப்பவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: பிரிக்காத உறைகளை எல்லாம் இன்றே பிரித்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். தவணை தவறி 120 நாட்கள் தாண்டிய பிறகே ஃபோர்க்ளோஷரைத் தொடங்கலாம் என்பது கூட்டரசின் பொது விதி. உங்களுக்குக் கையில் இருக்கும் அவகாசம் அது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க், ஃபுளோரிடா போன்ற இடங்களில் வழக்கு நீதிமன்றம் வழியாக நடக்கும். சம்மன் வந்தால் கெடுவுக்குள் பதில் தாக்கல் செய்தே ஆக வேண்டும். டெக்சஸில் பெரும்பாலும் நீதிமன்றம் இல்லாமலேயே முடிந்துவிடும்; ஏலத்துக்குக் குறைந்தது 21 நாட்கள் முன்பு ஏல நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

படி 2: மாதாந்திர ஸ்டேட்மென்டில் இருக்கும் சர்வீசரின், அதாவது உங்கள் தவணையை வசூலித்துக் கடன் கணக்கைக் கவனிக்கும் நிறுவனத்தின், எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். கடன் கொடுத்த வங்கியும் சர்வீசரும் வேறு வேறாக இருக்கலாம். தவணை கட்ட முடியாதவர்களுக்கு மாற்று வழி பார்க்கும் "லாஸ் மிட்டிகேஷன்" பிரிவைக் கேளுங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு என்று காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசிய தேதி, நேரம், எதிர்முனையில் பேசியவரின் பெயர், அவர் சொன்ன பதில் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறொருவர் எடுத்து "அப்படி எதுவும் பதிவாகவில்லையே" என்று சொன்னால் அந்த நோட்டுதான் துணை நிற்கும்.

படி 3: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, அதாவது ஹட், அங்கீகரித்த ஆலோசகரை நாடுங்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். வீட்டை இழக்காமல் இருக்க அவர்கள் தரும் ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. 888-995-4673 அல்லது 800-569-4287 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் பகுதி ஆலோசகரைப் பிடிக்கலாம். வரவு செலவைக் கணக்கிட்டு, தவணையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதா, பாக்கியைப் பிரித்துக் கட்டுவதா, கடன் நிபந்தனைகளையே மாற்றக் கேட்பதா என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சர்வீசரிடமும் பேசுவார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வரித் தாக்கல், சர்வீசர் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 4: உதவி கோரும் விண்ணப்பத்தை முழுமையாக அனுப்புங்கள். ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், பொதுவாக அதைப் பரிசீலித்து முடிக்காமல் ஏலம் விட முடியாது. ஒரு தாள் குறைந்தாலும் "முழுமையற்றது" என்று ஒதுக்கிவிடுவார்கள். எனவே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மோசடிக்காரரை அடையாளம் காணுங்கள். கடன் நிறுவனம் எழுத்தில் தந்த சலுகையை நீங்கள் ஏற்றுக்கொள்ளும் முன்பே வீட்டைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் பணம் வாங்குவது கூட்டரசு விதிப்படி தவறு. வழக்கறிஞர்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. "வங்கியோடு பேசாதீர்கள்", "தவணையை எங்களிடம் கட்டுங்கள்" என்ற பேச்சு வந்த உடனே போனை வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விடக் கொடியது பத்திர மாற்றம். "வீட்டைத் தற்காலிகமாக எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், வாடகைக்கு இருந்துகொண்டே பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். கையெழுத்துப் போட்டதும் வீடு அவர்களுடையது. கடனோ உங்கள் பெயரிலேயே நிற்கும். ஒரு தாளில் "டீட்" (வீட்டுப் பத்திரம்) என்ற சொல்லைக் கண்டால், ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஒரு நாளும் தாமதிக்காமல் உங்கள் பகுதியின் இலவசச் சட்ட உதவி அமைப்பை அழையுங்கள். கூட்டரசு வர்த்தக ஆணையத்திலும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, அந்த முதல் உறை எதையும் எறிந்துவிடாதீர்கள்.