மூக்கைத் தாழ்த்தாமல் சாய்த்தேன்

ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பயணக் கணினி சிமுலேட்டரில், டெல்டா கிளைடர் என்ற இறக்கை வைத்த கற்பனை விண்கலத்தைக் கென்னடி விண்வெளி மைய ஓடுபாதையில் இறக்க ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். சுற்றுப்பாதையை விட்டு இறங்குவது வரை சரியாகவே வரும். சுமார் 120 கி.மீ. உயரத்தில் காற்று மெல்லப் பிடிக்கத் தொடங்கும்; வேகம் நொடிக்கு 7.8 கி.மீ. மூக்கை 40 பாகை தூக்கி வைப்பேன். கொஞ்ச நேரத்தில், குளத்தில் விட்டெறிந்த ஓட்டுச்சில்லு போலக் கலம் துள்ளி மேலே ஏறிவிடும். பதறி மூக்கைத் தாழ்த்துவேன். காற்றின் இழுவை குறையும், வேகம் குறையாது. ஓடுபாதையைத் தாண்டி அட்லாண்டிக்கில் விழுவேன். (அங்குள்ள மீன்களுக்கு என்னை நன்றாகத் தெரியும்.)

பிறகுதான் நாசாவின் நிஜ விண்வெளி ஓடமான ஷட்டில் எப்படி இறங்கியது என்று தேடிப் படித்தேன். சூடு உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் அது மூக்கை 40 பாகையிலேயே வைத்துக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் சாய்த்தது. சாய்ந்தால், காற்று கலத்தை மேலே தூக்கும் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடும். கலம் ஏறாது, இழுவையும் குறையாது. ஒரே பக்கம் சாய்ந்தால் திசை விலகும் என்பதால் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சாய்த்தார்கள்.

அதையே செய்தேன். கலம் ஏறப் பார்த்தால் சாய்வைக் கூட்டினேன், மளமளவென்று இறங்கினால் குறைத்தேன். அவ்வளவுதான். 4,572 மீட்டர் ஓடுபாதை நேர் எதிரே வந்தது. சக்கரத்தை இறக்கத்தான் மறந்துவிட்டேன்.