மார்ட்டின்ஸ்வில் குளிரில் கார் பந்தயம் பார்க்கப் போறீங்களா?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் மார்ட்டின்ஸ்வில் ஸ்பீட்வேக்கு இலையுதிர்காலத்தில் நாஸ்கார் (அமெரிக்காவின் கார் பந்தயத் தொடர்) பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதியம் இதமான வெயில் இருக்கும், அதை நம்பி மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள். சூரியன் சாய்ந்ததும் குளிர் முதலில் கீழிருந்துதான் ஏறும். உட்கார ஒரு மெத்தை, காலுக்கடியில் போட ஒரு அட்டைத் துண்டு, இரண்டு ஜோடி காலுறை. இந்த மூன்றும் கனத்த ஜாக்கெட்டை விட அதிகம் உதவும். காதடைப்பானை முதலில் வைத்துவிட்டு அதன்மேல் கம்பளித் தொப்பி போடுங்கள். சத்தம், குளிர் இரண்டுக்கும் ஆகும்.

ஒரு சுற்று 0.526 மைல்தான். நேர்ப்பாதை தார், வளைவுகள் கான்கிரீட். குளிர்ந்த கான்கிரீட்டில் டயர் ரப்பர் சரியாகப் படியாது, முந்துவது கடினமாகும். அதனால், விபத்து போன்ற நேரத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் காட்டும் மஞ்சள் கொடிக்குப் பின் பந்தயம் மறுபடி தொடங்கும் முதல் சில சுற்றுகளில் கண்ணை எடுக்காதீர்கள். டயர் இன்னும் சூடேறாத அந்த நேரத்தில்தான் இடங்கள் மாறும். காபி வாங்கப் போவதென்றால் நீளமான பச்சைக்கொடி ஓட்டத்தில், அதாவது பந்தயம் தடையில்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது, போய் வாருங்கள். ஜெயித்தவருக்கு ஆளுயரக் கடிகாரம் பரிசு. அதைத் தருவதையும் இருந்து பார்த்துவிட்டே கிளம்புங்கள்.