துளை போடுமுன் 324ஐ அளந்துபாருங்கள்

தனித்தனியாக வாங்கிய பாகங்களில் எலெக்ட்ரிக் கிற்றார் பூட்டுபவர்கள் கூடுதலாகப் பிழைவிடுவது, கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜை வைக்கும் இடத்தில்தான். ஃபெண்டர் வகை நெக்குக்கு (கிற்றாரின் கழுத்து) ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 648 மில்லிமீற்றர். நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 324. அங்கிருந்து மெல்லிய ஈ கம்பியின் சாடிலுக்கும் (பிரிட்ஜில் அந்தக் கம்பி தங்கும் துண்டு) அதே 324. தடித்த ஈ கம்பியின் சாடில் இன்னும் 3, 4 மில்லிமீற்றர் பின்னே போகும், அதற்கு இடம் விடுங்கள். நெக்கைக் கிளாம்பில் பிடித்து, ஓரத்து இரண்டு கம்பிகளையும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் நெக்கின் விளிம்பிலிருந்து ஒரேயளவு தள்ளி நின்றால் மட்டும் ட்ரில்லை எடுங்கள்.

நெக் ஸ்க்ரூவுக்குப் பொடியில் (கிற்றாரின் உடல்) 5 மில்லிமீற்றர் துளை, தளர்வாக. புரி பொடியையும் பிடித்தால் நெக் ஒட்டி உட்காராது. மேப்பிள் நெக்கில் 3 மில்லிமீற்றர். மெழுகுதிரியில் உரசாமல் முறுக்கினால் ஸ்க்ரூத் தலை கையோடு வரும்.

ஊரில் கிடைக்கிறதென்று பாரமான முதிரை மரத்தில் பொடி செய்ய ஆசைப்படாதீர்கள், தோள் தாங்காது. வன்னி வெயிலில் காய்ந்த நெக் கார்த்திகை மழையில் அசையும். நெக்கினுள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கோலான ட்ரஸ் ரொட்டை ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, அடுத்த நாள் பாருங்கள்.